அம்மாவின் படத்துக்கு வந்த கருத்துகள்

படம் பிடிக்கப் பழக வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது தெருவில் காண்கிறவர்கள் எல்லாம் "நீங்கள் நல்லாப் படம் எடுப்பியளாமே" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் இருப்பது நானும் அம்மாவும் மட்டும். அண்ணை கனடாவில், அக்கா லண்டனில். நான் கடைக்குட்டி, கலியாணம் செய்யாதவள், மருதனார்மடத்தில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதுகிறவள். ஆகவே அம்மா என் பொறுப்பு. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. வந்த வில்லங்கம் எல்லாம் படத்தால் வந்தது.

வீடியோவில் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அம்மாவிடம் போனைக் கொடுத்தால் காதில் வைத்துவிடுவார். அண்ணை கனடாவிலிருந்து அம்மாவின் காதைத்தான் பார்ப்பார். "அம்மா, போனை முன்னாலை பிடியுங்கோ" என்று அவர் அங்கிருந்து கத்த, "கேக்குதடா தம்பி, ஏன் கத்துறாய்" என்று அம்மா இங்கிருந்து இன்னும் இறுக்கி வைப்பார். கடைசியில் அண்ணைக்கு அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடு என்றார். என்ன பெரிய வேலை, போனில் ஒரு தட்டு என்று நானும் ஓம் சொன்னேன்.

முதல் படம் போன உடனே அண்ணையின் பதில் வந்தது. "அம்மா மெலிஞ்சு போனா. என்ன, ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

அம்மா மெலிந்ததுதான். சீனி வருத்தத்துக்கு உடம்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் ஏசியபிறகு, சோற்றைக் குறைத்து, குரக்கன் பிட்டும் கீரையும் கொடுத்து, தேத்தண்ணியில் சீனியை நிறுத்தி, அதற்காக அவரிடம் நாளாந்தம் வசவு வாங்கி நான் மெலியவைத்த உடம்பு அது. டொக்டர் என்னைப் பாராட்டினார். அண்ணைக்கோ அது நான் பட்டினி போட்டதற்கு அத்தாட்சி.

அக்காவின் கண் வேறு மாதிரி. அவ அம்மாவின் முகத்தையே பார்க்கமாட்டா. படத்தை இழுத்து இழுத்துப் பெருப்பித்து, அம்மாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பா. "சுவர் வெடிச்சிருக்கு, ஆரும் மேசனைக் கூப்பிட்டியளோ?" "அந்த மூலையிலை என்ன பழைய சாக்கு?" ஒருமுறை இரவு சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்துக் கூப்பிட்டா. "நான் அனுப்பின சீலையை யன்னலுக்குப் போட்டிருக்கிறியளோ?" போட்டிருந்தோம். அம்மாவுக்கு அந்த நைலோன் சீலை உடம்பில் கடிக்கிறதாம், யன்னலுக்கு நல்லதாம், போடு என்று சொன்னதே அம்மாதான். இதை நான் விளங்கப்படுத்த முன்னம் அக்கா அழத் தொடங்கிவிட்டா.

இப்படி ஐந்தாறு ஞாயிறு போனபிறகு அண்ணை அந்தக் கதையை எடுத்தார். "பிள்ளை, உன்னாலை ஏலாட்டிச் சொல்லு. நீயும் வேலைக்குப் போறாய். இப்ப யாழ்ப்பாணத்திலை நல்ல நல்ல முதியோர் இல்லங்கள் இருக்கு. அம்மாவை அங்கை விடுவம். ஒவ்வொரு படத்தையும் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு பதறுது."

அம்மாவைப் போய் யாரோ நடத்துகிற இல்லத்தில் விடுவதா? வீட்டுக்குப் பின்னால் நிற்கிற முருங்கையை நான் ஒருநாள் பார்க்காவிட்டால் "அதிலை மயிர்க்கொட்டிப் புழு பிடிச்சிட்டுது, போய்ப் பார்" என்று கலைக்கிற மனுசி அவர். தன் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் தலைமுழுகமாட்டார். அவரை எடுத்துக்கொண்டுபோய் எண் போட்ட கட்டிலில் இருத்தினால் ஒரு மாதம் தாங்குவாரா? என்னால் ஏலும் என்று சொன்னேன். "ஏலுமெண்டால் படத்திலை தெரியவேணுமே" என்றார் அண்ணை.

படத்தில் தெரியவேண்டுமாம். சரி, தெரியவைக்கிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு பிடித்தது. அப்படித்தான் நான் படம் பழகப் போனேன்.

முதலில் கமரா. போனில் எடுத்தால் முகம் உப்பிப்போய் மூக்கு முன்னுக்கு வருகிறது, ஒரு கமரா வாங்கப்போகிறேன் என்று குழுவில் எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம். அண்ணை "பொறு, வாங்காதை, என்ரை பழசு சும்மா கிடக்கு" என்றார். ஊருக்கு வந்த ஒரு அயலவரின் பெட்டியில் அது வந்து சேர்ந்தது. அப்பனே, கமராவுக்கு முன்னால் ஒரு முழ நீள லென்ஸ் கண்ணாடி! அண்ணை அதை வாங்கியது குருவி எடுக்கவாம். குருவிக்கு நல்லதுதான். அம்மாவின் முகத்தை ஒழுங்காக எடுக்க நான் அறையைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, முற்றத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. அங்கே நின்று பார்த்தால் வீட்டுக்குள் இருட்டு. வெளிச்சம் காணாமல் எல்லாப் படமும் ஆடிப்போய் விழுந்தது. அம்மா உள்ளேயிருந்து "ஏனடி பிள்ளை மழைக்கை நிக்கிறாய்?" என்று கேட்டார். அன்றைக்கு உண்மையிலேயே தூறல்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். நான் வாய் திறக்க முன்னமே கடைக்காரத் தம்பி ஒரு கமராவைக் கையில் தந்து, "அக்கா, இதிலை வீடியோவும் செய்யலாம், சமையல் குறிப்புப் போடலாம்" என்றான். எனக்கு முகம் எடுக்கவேணும் என்றேன். "முகமும் விழும் அக்கா." என்ன வித்தியாசம், இதற்கும் அதற்கும் என்று கேட்டால் மெகாபிக்சல் புள்ளிக் கணக்கைச் சொன்னான். மற்றதற்கு அதைவிடக் கூடிய புள்ளிக் கணக்கைச் சொன்னான். வெங்காயம் வாங்கப் போனாலும் இதைவிட ஒழுங்காக விளங்கப்படுத்துவார்கள். ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினேன்.

அந்தக் காலத்தில்தான் இணையத்தில் ஒரு தமிழ்ப் படக் குழுவில் சேர்ந்தேன். படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் பிழை சொல்லுவார்கள், அப்படித்தான் பழகலாம் என்று அதன் வாசலில் எழுதியிருந்தது. முதல் கேள்வியாக எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் பார்த்தால் உள்ளே சண்டை. ஒருவர் ஒரு கம்பனிக்காகவும் மற்றவர் இன்னொரு கம்பனிக்காகவும் காணிச் சண்டை மாதிரி அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் வந்து "கமரா முக்கியமில்லை சகோதரி, பார்வைதான் முக்கியம்" என்று எழுதினார். அவர் முகப்புப் படத்தில் கழுத்தில் இரண்டு கமரா தொங்கியது.

கடைசியில் எனக்குக் கமரா கிடைத்தது இரும்புக்கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருவரிடம். மருதனார்மடத்தில் கலியாண ஸ்ரூடியோ வைத்திருப்பவர். புதுசு வாங்கியதால் பழசை விற்க யோசிப்பதாகச் சொன்னார். கையடக்கமான கமரா, முன்னால் கட்டைக் கண்ணாடி. "உதாலை கிட்டப்போய் எடுக்கலாம். முகம் மட்டும் தெளிவா விழும், பின்னுக்குள்ளது எல்லாம் மங்கிப்போகும்" என்றார்.

"எல்லாம் மங்குமோ? யன்னல் சீலையும்?"

"யன்னலே தெரியாது தங்கச்சி."

அந்த இடத்திலேயே வாங்கினேன். மற்றவர்கள் கலைக்காக வாங்குகிற கண்ணாடியை நான் அக்காவுக்குப் பயந்து வாங்கினேன். அதற்குப்பிறகு அவர் "அம்மாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கியும் தரலாம், என்னட்டைக் கொண்டு வாங்கோ" என்றார். அம்மாவை என்னத்துக்கு வெள்ளையாக்குவது? அம்மா கறுப்பு, வடிவான கறுப்பு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

படம் எடுப்பதில் மிகப் பெரிய இடைஞ்சல் அம்மாதான். கமராவைக் கண்டவுடன் மூச்சை அடக்கிக்கொண்டு, கையிரண்டையும் முழங்காலில் வைத்து, அடையாள அட்டைக்கு இருக்கிறமாதிரி இருப்பார். மூச்சு முட்டியதும் "எடுத்திட்டியோ?" என்பார். நான் கமராப் பொத்தானை அமத்துகிற நேரமும் அவர் வாய் திறக்கிற நேரமும் எப்படியோ ஒன்றாகவே வரும். பழைய படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் அம்மாவின் வாய் "எடுத்" என்பதில் நிற்கிறது. சிரியுங்கோ அம்மா என்றால் "என்னத்துக்கு?" என்று கேட்பார்.

படக் குழுவில் போட்டேன். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும், அவர்கள் ஏசினாலும் பிரயோசனமாக ஏசினார்கள். நின்றுகொண்டு எடுக்காதீர்கள், அவர் கண் உயரத்துக்கு இறங்குங்கள் என்றார்கள். இறங்கினேன், முழங்கால் இரண்டும் போய்விட்டது. கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், முன்னுக்கு இழுங்கள் என்றார்கள். இழுத்தேன். மூக்குத்தி தெளிவாக இருக்கிறது, கண் மங்கியிருக்கிறது, கண்ணைக் குறிவையுங்கள் என்றார்கள். வைத்தேன். ஒரு பக்கம் இருட்டாக இருக்கிறது, வெள்ளைத் துணி ஏதாவது பிடித்தால் வெளிச்சம் திரும்பி அடிக்கும் என்றார்கள். எங்களைப் பெற்ற ஐயா காலமாகி வருசங்கள்; அலுமாரியில் கிடந்த அவர் வேட்டி ஒன்றை எடுத்து மற்றக் கதிரையில் விரித்தேன்.

"கொப்பற்றை வேட்டியை ஏன் கதிரையிலை காயப்போடுறாய்?"

"வெளிச்சத்துக்கு அம்மா."

"லைற்றைப் போடன்."

லைற்றைப் போட்டால் மஞ்சள் அடிக்கும் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த நான் அரைமணித்தியாலம் செலவழித்தேன். கேட்டு முடித்துவிட்டு, எழும்பிப் போய் லைற்றைப் போட்டுவிட்டு வந்து இருந்தார். என்ன செய்ய, தலையிலடித்துக்கொண்டேன்.

இருந்தாலும் படம் திருந்தியது. ஒரு ஞாயிறு அம்மாவின் முகம் மட்டும் தெளிவாக, கண்ணில் யன்னல் வெளிச்சம் விழ, பின்னுக்கு ஒன்றுமே தெரியாமல் ஒரு படம் விழுந்தது. எனக்கே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. குடும்பக் குழுவில் போட்டுவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அக்கா எழுதினா: "ஏன் பின்னுக்கு ஒண்டும் தெரியேல்லை? என்னத்தை மறைக்கிறாய்?"

அண்ணை எழுதினார்: "கன்னம் ஒட்டிப்போச்சு."

போனைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடுவோமா என்றிருந்தது. படக் குழுவில் அதே படத்துக்கு வேறு மாதிரிக் கருத்து. அவர்களுக்கு வெளிச்சம் கூடிவிட்டதாம். "முதிய முகத்தில் சுருக்கங்கள்தாம் கதை சொல்லும். வேட்டியை எடுங்கள். நிழல் விழட்டும்" என்று ஒருவர் எழுதினார். இங்கே கன்னம் ஒட்டியது குற்றம், அங்கே இன்னும் ஒட்டவில்லை என்பது குறை. ஒரு முகத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சமாளிப்பது?

இந்த அரியண்டத்துக்குள் ஒரு காலைநேரம். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா யன்னலருகே இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வேட்டி இல்லை, ஆயத்தம் இல்லை. ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் விழுந்து மற்றப்பக்கம் நிழலாக, உதடு தொங்கி, கண் எங்கோ போய், உலகத்துத் துக்கம் எல்லாம் அந்த முகத்தில் இறங்கியிருந்தது. உண்மையில் நடந்தது என்னவென்றால், நான் சீனியில்லாத தேத்தண்ணியைக் கொடுத்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அதை யன்னல் படியில் வைத்து, என்னோடு கோபித்துக்கொண்டு இருக்கிறார். அவ்வளவுதான். நான் கமராவை எடுத்து இரண்டு முறை அமத்தினேன். கோபத்தில் இருந்தபடியால் "எடுத்திட்டியோ" என்றுகூடக் கேட்கவில்லை.

அதைக் குடும்பத்துக்கு அனுப்புகிற அளவுக்கு எனக்கு விசரில்லை. படக் குழுவில் மட்டும் போட்டேன், "அம்மா, காலை" என்று எழுதி.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. என்னைக் கரைச்சல் படுத்திய ஆட்களெல்லாம் கைதட்டினார்கள். "காத்திருப்பின் வலி." "இந்தக் கண்களில் ஒரு தலைமுறையின் தனிமை." நிழல் விழட்டும் என்று சொன்னவர் "நான் அழுதுவிட்டேன்" என்று எழுதினார். தேத்தண்ணிக்குச் சீனி இல்லாததுக்கு ஒரு மனுசன் அழுகிறான். அந்த வாரத்தின் சிறந்த முகம் என்று தெரிவு செய்து குழுவின் முகப்பில் போட்டார்கள். பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சந்தோசம். இரும்புக்கடையில் கணக்குக் கொப்பிக்குக் கீழே போனை வைத்து அந்தக் கருத்துகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை மாதத்தில் இவர்களாவது என்னை வடிவாகச் செய்திருக்கிறாய் என்று சொன்னார்களே.

பிறகு யாரோ ஒரு கோதாரி விழுவான் படத்தை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கீழே எழுத்துப் போட்டான். "பெற்ற பிள்ளைகள் வெளிநாட்டில்… பெற்றவள் யன்னலோரம்… இந்தத் தாயின் கண்ணீருக்குப் பதில் சொல்வது யார்?" அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய், அங்கிருந்து இன்னும் பத்துக்குப் போய், கடைசியில் கனடாவில் அண்ணையோடு கோயில் அன்னதானத்துக்கு நிற்கிற ஒருவரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மனுசன் அதை அண்ணையிடமே காட்டியிருக்கிறார். "பாருங்கோ, எங்கடை சனம் பெத்த தாயை என்ன பாடு படுத்துதுகள்" என்று.

அண்ணை கூப்பிட்டபோது நான் குசினியில் கீரை அரிந்துகொண்டிருந்தேன்.

"ஆர் உந்தப் படத்தை எடுத்தது?"

"நான்தான் அண்ணை. ஆனால் அது அப்பிடி இல்லை, அம்மா தேத்தண்ணிக்கு…"

"ஊர் உலகமெல்லாம் என்ரை தாயைப் பாத்து அழுகுது. என்ரை முகத்துக்கு நேரை கொண்டுவந்து காட்டுறான். நான் என்னெண்டு சொல்லுறது, இது என்ரை அம்மா எண்டோ?"

"அண்ணை, சீனி போடாததுக்குக் கோவிச்சுக்கொண்டு இருந்தவா. சத்தியமா."

"சும்மா அலட்டாதை. கண்ணுக்கு முன்னாலை தெரியுதே. நீ அம்மாவை வடிவாப் பாக்கேல்லை, பிள்ளை."

பார்க்கவில்லையாம். நான். காலையில் ஊசி போடுகிறவள், காலில் புண் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்க்கிறவள், இருமல் கேட்டால் எழும்பிப் போகிறவள் நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தி கையிலிருந்ததைக்கூட மறந்து கையை வீசினேன். கீரை முழுக்க நிலத்தில்.

அக்காவையும் இணைப்பில் எடுத்தார்கள். அக்கா அழுதபடியே, "அங்கை நேர்சுமார் இருப்பினம், நேரத்துக்கு எல்லாம் நடக்கும், உனக்கும் ஒரு ஆறுதல்" என்றா. அண்ணை ஏற்கெனவே ஒரு இல்லத்தோடு கதைத்துவிட்டாராம். இடம் இருக்கிறதாம். வாற மாதம் முதலாம் திகதி கொண்டுபோய் விடலாமாம். இரண்டு பேரும் மாறி மாறிக் கதைத்தார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் நாள் முழுக்கக் கடையில் நின்று வந்திருந்தேன், இடுப்பு விட்டுப்போயிருந்தது, மாதக்கணக்காக ஒவ்வொரு ஞாயிறும் விசாரணைக் கூட்டில் நின்றதுபோல் நின்றிருக்கிறேன். வாயில் வந்துவிட்டது.

"சரி, கொண்டு போங்கோ! எனக்கும் ஏலாது. உங்கடை அம்மாவை நீங்களே பாருங்கோ!"

சொன்னதில் அரைவாசி கோபம். மற்ற அரைவாசி உண்மைதான். களைத்துப் போயிருந்தேன். திரும்பினால் குசினி வாசலில் அம்மா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் தெரியாது. நிலத்தில் கிடந்த கீரையைப் பார்த்தார். "கழுவினால் சரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

அதற்குப்பிறகு நாலைந்து நாள் வீட்டில் கதைவழி குறைவு. அம்மா குரக்கன் பிட்டை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒருமுறை ஏசினால் நானும் திருப்பி ஏசி ஆறியிருப்பேன். முருங்கையைப் பற்றியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணையிடமிருந்து செய்தி. இல்லத்தில் சேர்க்க ஒரு படம் வேண்டுமாம், முகம் மட்டும், பின்னுக்கு வெறுமையாக. கட்டிலுக்கு மேலேயும் அதைத்தான் மாட்டுவார்களாம். "நீதான் இப்ப வடிவா எடுப்பியே. நல்லதா ஒண்டு எடு. சிரிச்ச முகமா இருக்கட்டும்."

நான் பழகிய பழக்கம் எல்லாம் இதற்குத்தானா? அம்மா என்னோடு இருக்கவேண்டும் என்று பழகிய வேலை, அம்மாவை அனுப்புவதற்கு உதவுகிறது. போனை மேசையில் அடித்து வைத்தேன். ஆனாலும் எடுக்காமல் விடவும் துணிவில்லை, வார்த்தையை விட்டவள் நான்தானே. சனிக்கிழமை பின்னேரம் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். அக்காவின் சீலையைக் கழற்றிவிட்டு யன்னலைத் திறந்தேன். அம்மா தலையை வாரி இழுத்து, நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு, சொல்லாமலே வந்து இருந்தார்.

"இல்லத்துக்கோ?"

"ஓம் அம்மா."

நான் முழங்காலில் இருந்து கண்ணைக் குறிவைத்தேன். இந்த முறை அம்மா மூச்சை அடக்கவில்லை, கையை முழங்காலில் வைக்கவில்லை. ஆனால் கண் கமராவில் இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் போயிருந்தது.

"அம்மா, கமராவைப் பாருங்கோ."

"அதை என்னெண்டு பாக்கிறது? அது ஒரு ஓட்டை. உன்னைத்தான் பாக்கிறன்."

"என்னைப் பாக்காதையுங்கோ, இஞ்சை பாருங்கோ. கண் விலகுது."

"உன்ரை முகத்தைப் பாத்துக் கனநாள். எப்ப பாத்தாலும் உந்தப் பெட்டி முன்னுக்கு நிக்குது. உதைக் கொஞ்சம் இறக்கு பிள்ளை."

எரிச்சலோடுதான் இறக்கினேன். வெளிச்சம் போகிறது, பின்னேர வெளிச்சம் நிற்காது, இதை முடித்துவிட்டு இரவுச் சாப்பாடு பார்க்கவேண்டும். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அக்கா பார்ப்பது மாதிரி அல்ல, குழுக்காரர் பார்ப்பது மாதிரியும் அல்ல. நெற்றியைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே பார்த்தார். கையை நீட்டிக் காதோரத்து மயிரை ஒதுக்கினார்.

"நரைச்சுப்போச்சு உனக்கு. நான் கவனிக்கேல்லை."

"வயசு போனால் நரைக்கும்தானே அம்மா. இருங்கோ, எடுத்து முடிப்பம்."

"கனடாவிலை இருக்கிற கொண்ணைக்குச் சொல்லு, நான் போறதுக்குப் பயப்பிடேல்லை எண்டு. எனக்கு அங்கை நேர்சுமார் இருப்பினம். வேளைக்குக் குளிசை வரும், சாப்பாடு வரும். என்னைப் பாக்க ஆள் இருக்கு." கையை என் தலையிலிருந்து எடுக்கவில்லை. "நான் போனால் உன்னை ஆர் பிள்ளை பாக்கிறது?"

நான் கமராவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. நான்தான் அவரைப் பார்க்கிறேன், நான்தான் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு நாட்டுக்கு அத்தாட்சி அனுப்பிக்கொண்டிருந்தேன். கடையில் வேலை முடிந்து வரப் பிந்தினால் படலையில் வந்து நிற்பது யார், எனக்குக் காய்ச்சல் என்றால் மல்லி அவிப்பது யார், நான் சாப்பிட்டேனா என்று இந்த உலகத்தில் கேட்கிற ஒரேயொரு ஆள் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணைக்கும் அக்காவுக்கும் இது எந்தப் படத்தில் தெரியப்போகிறது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அண்ணைக்கு எழுதினேன்: "படம் எடுக்கேல்லை. அம்மா ஒரு இடமும் வரமாட்டா, நானும் விடமாட்டன். இனி ஞாயிற்றுக்கிழமைப் படமும் இல்லை. அம்மாவைப் பாக்கவேணும் எண்டால் வந்து பாருங்கோ."

அனுப்பிவிட்டுப் போனை அணைத்தேன். யன்னலில் வெளிச்சம் போயிருந்தது. எழும்பி லைற்றைப் போடவேண்டும் என்று நினைத்தேன், எழும்பவில்லை. அம்மா கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.